கல்யாண வீட்டுத் தண்ணீர்

ராஜாக்கள் யானைமேல் போன காலம் அது. அந்த யானைக்கும் ஒதுங்க நிழல் கிடைக்காத ஊர் ஒன்று இருந்தது, செம்பாறை என்று. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். அந்த ஊர் வணிகன் அடைக்கப்பன் தலைகுனிந்த கதை இது.

அடைக்கப்பன் கப்பலேறிப் போய், நாள் தவறாமல் மழை பெய்கிற தேசத்தில் பொருள் சேர்த்தான். திரும்பி வந்தபோது சொந்த ஊர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. வீட்டைச் சுற்றி உடைமரம், ஆவாரை, கற்றாழை. மகள் உண்ணாமலைக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது இந்த முள்காட்டையா பார்ப்பார்கள்? பச்சையைக் கண்டால்தானே மதிப்பார்கள்!

உடையை வெட்டினான். ஆவாரையைப் பிடுங்கினான். கற்றாழையை வேலிக்கு வெளியே எறிந்தான். அந்த இடத்தில் பாக்கை நட்டான், வெற்றிலைக் கொடியை நட்டான், வாழையை நட்டான்.

பக்கத்து வீட்டுப் பெரியகருப்பன் எட்டிப் பார்த்தான். "இந்த வெயில்ல பாக்கா? அது காய்க்கிறதுக்குள்ள நமக்குப் பல்லு விழுந்துரும் அண்ணே" என்று சிரித்தான். அடைக்கப்பன் சிரிக்கவில்லை.

கன்றுகள் குடித்தன. குடித்துக்கொண்டே இருந்தன. பங்குனிக்குள் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது.

ஊருக்கு ஓர் ஊருணி உண்டு. குடிக்க அந்தக் குளம் ஒன்றுதான். கோடையில் வீட்டுக்கு நாளுக்கு ஒரு குடம் என்பது ஊர்க் கட்டு. கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டு இல்லை. வேண்டிய மட்டும் மொள்ளலாம், யாரும் ஏனென்று கேட்பதில்லை. பந்தக்கால் ஊன்றிவிட்டால் அது கல்யாண வீடு.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, அடைக்கப்பன் சித்திரை பிறந்ததுமே பந்தக்கால் ஊன்றினான்.

அவன் ஆட்கள் குடம் குடமாக மொண்டு கன்றுகளுக்குச் சுமந்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஒதுங்கி நின்று, "கல்யாண வீடாச்சே, மொள்ளட்டும்" என்றாள். ஆட்டுக்காரன் ஒதுங்கி நின்று, "கல்யாண வீடாச்சே, மொள்ளட்டும்" என்றான். பெரியகருப்பனும் வெறுங்குடத்தோடு ஒதுங்கி நின்று அதையே சொன்னான். ஊருணியில் அடிப்படி தெரிந்தது. பிறகு சேறு தெரிந்தது.

வைகாசி வந்தது. மாப்பிள்ளை வீட்டு வண்டிகளும் வந்தன. அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. கோடைக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரை வண்டியில் கொண்டுபோய், போகிற ஊர் ஊருணியில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். விருந்தாளியால் அந்த ஊர் தவிக்கக் கூடாதல்லவா?

மாப்பிள்ளையின் தாய் சிகப்பி குடத்தோடு ஊருணிக்கு இறங்கினாள். அங்கே பெண்கள் கொட்டாங்கச்சியால் சேற்றைச் சுரண்டி ஊற்று தேடிக்கொண்டிருந்தார்கள். சிகப்பி சேற்றைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் அடைக்கப்பன் வீட்டு மதிலுக்கு மேலே ஆடிய வாழை இலைகளையும் பார்த்தாள்.

குடத்தைச் சாய்க்காமலே அவன் வாசலுக்கு வந்தாள்.

அடைக்கப்பன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சம்பந்தி, கொண்டுவந்த தண்ணிய எங்க ஊத்தட்டும்? ஊருணியிலயா, உங்க வாழைக்கா?"

இந்த வருஷ வெயில் ஊருணியைக் குடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உண்மையைச் சொன்னால் வண்டிகள் திரும்பிப் போகும். உள்ளே உண்ணாமலை மாலையோடு காத்திருந்தாள். சுற்றி நின்ற ஊராரோ வாய் திறக்கவில்லை. கல்யாணம் கெடக் கூடாதென்று அவர்களும் பொய்க்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் நின்றார்கள். அதைக் கண்டதும் அவன் உடம்பு கூசியது.

"ஊருணியிலயே ஊத்துங்க" என்றான். "அதை வத்த வச்சது நான்தான்."

சிகப்பி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, பெண் ஒரு குற்றமும் செய்யவில்லையே, முகூர்த்தம் தவற வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருணிக்குத் திரும்பி நடந்தாள்.

சமையலுக்குத் தண்ணீர்? அடைக்கப்பன் கேட்கவில்லை, கேட்க முகமில்லை. வீடு வீடாகப் பெண்கள் வந்தார்கள். சேமித்து வைத்திருந்த குடங்களை அவன் வாசலில் இறக்கி வைத்தார்கள். முதல் குடம் பெரியகருப்பன் வீட்டுக் குடம். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பான்.

மணவறையில் அவன் தலை நிமிரவே இல்லை. வெளியூரார், மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளூராருக்குத் தெரியும். அவர்கள் சொல்லவில்லை.

மறுநாளே வாழையை வெட்டி ஆடுகளுக்குப் போட்டான். பாக்கையும் கொடியையும் பிடுங்கினான். தன் கூரையில் விழும் மழை வந்து நிற்கக் குழி வெட்டி வரப்புக் கட்டினான். வெயில் சாயும் மேற்குப் பக்கம் வேம்பு வைத்தான், சுற்றிலும் கிளுவை வேலி போட்டான், ஆவாரை விதைத்தான். வேர்மண் காயாமல் சரளைக்கல் பரப்பினான்.

ஐப்பசியில் மழை வந்து ஊருணி நிரம்பியது. ஆனாலும் அவன் ஒரு குடத்தோடு வரிசையின் கடைசியில்தான் நிற்பான். "முன்னால வாங்க அண்ணே" என்று கூப்பிடுவார்கள். போகமாட்டான். பார்வை தரையிலேயே இருக்கும்.

மண்ணுக்கு ஒவ்வாத அழகுக்காக ஊர்த் தண்ணீரைச் செலவழிக்கிறவன், ஊர் மன்னித்த பிறகும் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.