கொட்டாவியை மூடாத எருமை

அல்லிக்குளத்தின் கீழ்க்கரை விலங்குகளுக்கும் மேல்கரை விலங்குகளுக்கும் ஆகவே ஆகாது. குடித்தது ஒரே தண்ணீர், நனைந்தது ஒரே மழை. ஆனாலும் கூடைப்பந்து என்று பேச்செடுத்தால் போதும், சீறிக்கொண்டு கிளம்பிவிடும்!

ஆண்டுதோறும் கோடை தொடங்கும் முன்பு, குளத்தோரப் பொட்டலில் போட்டி நடக்கும். பொட்டலின் ஒரு முனையில் புளியமரம், மறுமுனையில் அரசமரம். இரண்டிலும் கொடியால் பின்னிய கூடை தொங்கும். பந்து என்னவென்றால், நன்றாக முற்றிய விளாங்காய். அது மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். பட்டவர்கள் யாரும் சொல்கிற நிலையில் இல்லை!

போட்டி நெருங்கினால் கீழ்க்கரைக்காரர்கள் நெற்றி நிறையச் செம்மண் பூசிக்கொள்வார்கள். மேல்கரைக்காரர்கள் சாம்பல் பூசிக்கொள்வார்கள். மேல்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன கீழ்க்கரைக் காக்கை ஒருத்தி, போட்டிக்கு முதல் நாளே புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். பொழுது விடிவதற்குள் எல்லாரும் ஆலிலையைப் போட்டு இடம் பிடிப்பார்கள்.

"இது நான் போட்ட இலை!"

"இலையில உன் பேரா எழுதியிருக்கு? தள்ளி உட்காரு!"

இத்தனை கூத்தும் எதற்கு? ஜெயித்த கரைக்குக் குளத்தோரச் சேற்றுமடு கோடை முழுக்கச் சொந்தம். முயலுக்கும் கிளிக்கும் அது வெறும் பெருமைதான். கீழ்க்கரை எருமை பொன்னாத்தாவுக்கோ அதுதான் உயிர். போன ஆண்டு அவள் கரை தோற்றுப்போனது. கோடை முழுக்கச் சேறு இல்லாமல் அவள் தோல் வறண்டு, வெடித்து, எரிந்து, அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

"இந்தத் தடவையும் தோத்தா நான் வெந்தே போயிடுவேன்" என்று அவள் எல்லாரிடமும் புலம்பினாள். அந்தக் கவலையில் போட்டிக்கு முந்தின இரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

தூக்கம் இல்லாவிட்டால் என்ன வரும்? கொட்டாவி வரும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பொன்னாத்தா வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். அதே நொடியில், கீழ்க்கரையின் சூர ஆட்டக்காரன் வீரணன் என்கிற குரங்கு, எங்கிருந்தோ விளாங்காயை வீசினான். அது நேராகப் போய்ப் புளியமரத்தில் தொங்கிய எதிரியின் கூடையில் விழுந்தது!

கீழ்க்கரையே எழுந்து குதித்தது. பொன்னாத்தா வாயை மூடப் போனாள்.

"மூடாதீங்க அக்கா! மூடாதீங்க!"

துடுக்கன் என்கிற அணில் பாய்ந்து வந்து அவள் கொம்பில் உட்கார்ந்தது. சகுனம் பார்ப்பதில் அந்த அணில் பெரிய புலி. "நீங்க வாயைத் திறந்தீங்க, கூடை விழுந்துது. இனி ஆட்டம் முடியுற வரைக்கும் அப்படியே இருங்க! ஏய் முயலே, நீ ஒத்தைக்கால்லதானே நின்னே? காலைக் கீழே வைக்காதே! உடும்பண்ணே, முதுகு சொறிஞ்சுக்கிட்டிருந்தீங்களே, சொறியுங்க, நிறுத்தாதீங்க!"

பொன்னாத்தாவுக்குத் தாடை வலித்தது. ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பொறுக்க முடியாமல் ஒரு தடவை வாயை லேசாக மூடினாள். உடனே மேல்கரை ஒரு கூடை போட்டுவிட்டது!

"ஐயோ, கெடுத்தாளே பாவி!" என்று கீழ்க்கரை முழுக்க அவள் மேல் பாய்ந்தது.

அவள் அவசர அவசரமாக வாயைத் திறந்தாள். அடுத்த கூடையை வீரணன் போட்டான். அவ்வளவுதான், பொன்னாத்தாவே நம்பிவிட்டாள். 'அடேயப்பா! என் வாய்க்கு இவ்வளவு சக்தியா!' என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

இடைவேளையில் ஆட்டக்காரர்களே வந்து அவள் வாயைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நடுவராக இருந்த மரங்கொத்தி, "பக்கம் மாறியாச்சு! இனிமே கீழ்க்கரை அரசமரத்துக் கூடையில போடணும், மேல்கரை புளியமரத்துல போடணும்!" என்று கத்தியது. வீரணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. ரசிகர்கள் கூட்டமாக உட்கார்ந்து அவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுகத்தில் யாருக்குத்தான் காது கேட்கும்?

மறுபடி ஆட்டம் சூடு பிடித்தது. மேல்கரைத் தலைவன் கடம்பன் கரடி, வீரணன் கையில் பந்தே சிக்காமல் மறித்து மறித்து நின்றான். கடைசியில் இரண்டு கரையும் சமநிலைக்கு வந்தன. இன்னும் ஒரே ஒரு கூடை. யார் போட்டாலும் மடு அவர்களுக்கு!

கீழ்க்கரைக்காரர்கள் பொன்னாத்தா பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் பொன்னாத்தாவின் வாய் மேலேயே இருந்தது. பொன்னாத்தா மட்டும் தன் வாயைத் தானே பார்க்க முடியாதல்லவா? அதனால் கீழ்க்கரையில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

வீரணன் எகிறிப் பந்தைப் பிடுங்கினான். பிடுங்கியவன் விறுவிறுவென்று புளியமரத்தைப் பார்த்து ஓடினான்!

பொன்னாத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளியமரக் கூடை இப்போது எதிரி போடவேண்டிய கூடை ஆயிற்றே! கடம்பன் சட்டென்று ஒதுங்கி நின்று, "போங்க தம்பி, தாராளமா போங்க!" என்று கையைக் காட்டினான். கரடி தன்னைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று நினைத்து வீரணன் இன்னும் வேகமாக ஓடினான்.

'திரும்புடா மடையா!' என்று கத்தப் பொன்னாத்தாவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் பேசவேண்டுமென்றால் வாயை மூடித் திறக்கவேண்டுமே. மூடினால் தோற்றுவிடுவோமே! வெடித்து எரிந்த தோலை நினைத்தாள். பயந்தாள். வாயைத் திறந்தபடியே "ஆ! ஆ!" என்று அலறிக்கொண்டு, அங்கே பாருங்கள் என்று காட்ட இரண்டு காதுகளையும் புளியமரத்துப் பக்கம் படபடவென்று ஆட்டினாள்.

"அக்கா காதாட்டுறாங்க! எல்லாரும் ஆட்டுங்கடா!" என்று அணில் கூவியது.

கீழ்க்கரை முழுவதும் காதை ஆட்டியது. காது இல்லாத தவளைகள் கன்னத்தை ஆட்டின. அந்த உற்சாகத்தில் வீரணன் வானம் வரை எம்பி, விளாங்காயைப் புளியமரக் கூடைக்குள் தொப்பென்று போட்டான்!

"மேல்கரைக்கு வெற்றி!" என்று மரங்கொத்தி மரத்தைத் தட்டியது.

பொன்னாத்தா வாயை மூடப் பார்த்தாள். மூட வரவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து தாடையைத் தள்ளியதும் 'டப்' என்று மூடிக்கொண்டது.

"எல்லாம் உங்களாலதான்! காதை யாரு ஆட்டச் சொன்னா?" என்று துடுக்கன் அவள் மேலேயே பாய்ந்தது. "ஆமா, ஆமா! காதாலதான் கெட்டுது!" என்று மற்றவர்களும் ஒத்து ஊதினார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் கடம்பன் மடுவுக்குள் சுகமாகக் கிடந்தான். பொன்னாத்தா கரையில் நின்று சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை முட்டியது.

கடம்பன் கேட்டான்: "ஏம்மா பொன்னாத்தா, அந்தப் பய தப்பான பக்கம் ஓடுறதை நீ பார்த்துட்டுத்தானே நின்னே? ஒரு சத்தம் கொடுத்திருந்தா இந்த மடு இன்னைக்கு உனக்குத்தானே?"

"சொல்லியிருப்பேன் அண்ணே" என்றாள் பொன்னாத்தா. "சொன்னா தோத்துடுவோமோன்னு பயந்துட்டேன்."

கடம்பன் சிரித்த சிரிப்பில் சேறு கரை வரை தெறித்தது. அதில் ஒரே ஒரு சொட்டு பொன்னாத்தாவின் மூக்கில் விழுந்தது. அந்தக் கோடையில் அவளுக்குக் கிடைத்த சேறு அவ்வளவுதான்.

கண்ணுக்கு முன்னால் நடக்கும் தவறை வாய்திறந்து சொல்லாமல் சகுனத்தை நம்பி நிற்பவர்கள், கைக்கு எட்டிய வெற்றியைத் தாங்களே எதிரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.