பூட்டியபடியே வந்த கதவு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுங்கள். அதற்கு மேற்கே மலை, மலையில் ஒரு கணவாய். நம் பக்கத்து உப்பும் துணியும் பொதிமாடுகளின் முதுகில் ஏறி அந்த வழியாகத்தான் போகும். அந்தப் பக்கத்து மிளகும் ஏலமும் அந்த வழியாகத்தான் வரும். சரக்கு மட்டுமா? பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பாதி ஊருக்கு மாமியார் வீடே மலைக்கு அந்தப் பக்கம்.

அந்த நாட்டு ராஜாவுக்குத் தன் மீசை என்றால் உயிர். ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து வந்த வியாபாரி ஒருவன் சந்தையில் தன் காளையை விற்கும்போது, "இந்தக் கொம்போட வளைவைப் பாருங்க! உங்க ராஜா மீசை இதுக்கிட்ட நிக்குமா?" என்று உளறிவிட்டான். போதாதா? கணவாயின் இரண்டு பாறைகளுக்கும் நடுவே தேக்கில் நிலை நட்டு, இரட்டைக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் ராஜா. திறக்கச் சொல்லுகிறவனுக்கு நாக்கு இருக்காது என்று பறையும் அறைந்தாயிற்று. ஒரு மீசைக்காக ஒரு மலையையே சாத்திய மகானுபாவர்!

அவருடைய சபையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். கதவு பூட்டிய அன்று அவன் மனைவி பூவாயி தலைப்பிரசவத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது. சபையில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். பொழுது சாய்ந்தால் பொதிமாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வான். வேலையற்ற மாடுகள் மேற்கே பார்த்துக் கத்தும். அவனும் மேற்கேதான் பார்ப்பான்.

"ஏன் சாமி, ஊரையே சிரிக்க வைக்கிறீங்க, நீங்க மட்டும் இப்படி உக்காந்திருக்கீங்களே?" என்று கேட்டான் மாட்டுக்காரர்களின் தலைவன் மாசாணம்.

"அவளைப் பாக்கணும் மாசாணம். பிள்ளையைப் பாக்கணும். வேற எதுவும் மனசுல ஓட மாட்டேங்குது."

இது மந்திரி அகோரமூர்த்தியின் காதுக்குப் போனது. ராஜா தன்னை விட்டுவிட்டுப் பிச்சாண்டியோடு சிரிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். மறுநாளே சபையில் எழுந்தார்.

"மகாராஜா! பிச்சாண்டியின் மனைவி மலைக்கு அப்பால் இருக்கிறாள். அவனது விசுவாசத்தைச் சோதிக்க வேண்டாமா? கணவாய்க் கதவுக்கு அவனையே காவல் வையுங்கள்."

பட்டினி கிடப்பவனைச் சோற்றுப் பானைக்குக் காவல் வைக்கிற யோசனை! ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"பிச்சாண்டி! இன்று முதல் அந்தக் கதவு உன் பொறுப்பு. நானே என் கையால் திறக்கும்வரை அது ஒரு நூல்கூடத் திறக்கக் கூடாது. திறந்தால் உன் தலை இருக்காது."

"உத்தரவு மகாராஜா. கதவு மட்டும்தானே அடியேன் பொறுப்பு?"

"கதவு மட்டும்தான். கண்ணை எடுக்காமல் காக்க வேண்டும்."

தனியாக விட்டால்தானே திறப்பான் என்று பழைய காவலாளிகளை எல்லாம் மந்திரி திருப்பி அழைத்துக்கொண்டார். பிச்சாண்டி ஒற்றை ஆளாகக் கதவடியில் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரியாத கொலுசா?

"பூவாயி!"

"ஐயோ, நீங்களா? நீங்களா பேசறது?"

"நான்தான். ஆணா பொண்ணா? முதல்ல அதைச் சொல்லு."

"பொண்ணுதானுங்க."

அவன் பலகையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டான். "அவளைப் பேசச் சொல்லேன். குரலாவது கேக்கறேன்."

"தோள்லயே தூங்கிட்டாளே. எழுப்பவா?"

"வேணாம், வேணாம். தூங்கட்டும்."

தேக்குப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதான். இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவள், நடுவில் நாலு விரல் கட்டை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மாசாணத்திடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். மாசாணம் முதலில் பயந்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எல்லா மாடுகளையும் அவிழ்த்தான்.

இரண்டொரு நாள் கழித்து மந்திரி சபைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மகாராஜா! மோசம் போனோம்! சந்தை முழுக்க மலைநாட்டு மாடுகள்! பிச்சாண்டி கதவைத் திறந்துவிட்டான்!"

"இழுத்து வாருங்கள் அவனை!" என்று கர்ஜித்தார் ராஜா.

இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிச்சாண்டி வாசலில் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் உருளைக் கட்டைகளின் மேல், மாடுகள் இழுக்க, நிலையோடு பெயர்த்த கணவாய்க் கதவு பூட்டியபடியே ஆடி அசைந்து வந்தது. சபை நடுவே அதை நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

"மகாராஜா, பூட்டைப் பாருங்கள். ஒரு நூல் திறந்திருக்கிறதா? காட்டில் இருந்தால் கள்ளன் எவனாவது திறந்துவிடுவானோ என்று பயம். அதனால் தங்கள் கண்ணெதிரேயே வைத்துக் காவல் காக்கிறேன்."

"வழி திறந்துவிட்டதே, அயோக்கியா!" என்று கத்தினார் மந்திரி.

"வழியைக் காக்கும்படி எனக்கு உத்தரவு இல்லை, மந்திரியாரே. கதவு மட்டும்தான் என்று மகாராஜாவே அருளினார்."

மந்திரி கோபத்தில் கதவை முட்டித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ராஜா இறங்கி வந்து கதவை ஒரு சுற்றுச் சுற்றினார். இடுப்புச் சாவியைப் பார்த்தார். குபீரென்று சிரிக்க ஆரம்பித்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது மாட்டுக்காரர்களோடு பூவாயி உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்து மகளை இறக்கிவிட்டாள். பிச்சாண்டி மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். குழந்தை தத்தித் தத்தி வந்து, அவனைத் தாண்டிப் போய், கதவைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்றது.

"தெனமும் தூரத்துலேருந்து அந்தக் கதவைக் காட்டித்தானுங்க, 'அதோ அப்பா'ன்னு சொல்லிச் சோறு ஊட்டினேன்," என்றாள் பூவாயி. "வேற எதைக் காட்டுவேன்?"

ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. மீசையைத் தொட்ட கை கீழே இறங்கியது. சாவியை உருவிக்கொண்டு கதவருகே வந்தார். பிச்சாண்டிக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். ராஜா தன் கையாலேயே பூட்டைத் திறந்து, இரண்டு கதவுகளையும் விரியத் தள்ளினார்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. "அப்பா?" என்று கேட்டது.

"ஆமாடி தங்கம்" என்று அவன் அள்ளிக்கொண்டான்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சிரித்தார். இனி அந்தக் கணவாய்க்குக் கதவே கிடையாது என்றார். போகிற வருகிற மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வேலை மந்திரிக்குப் போயிற்று. பிறகு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

பிச்சாண்டி வாங்கிக்கொள்ளவில்லை. அவனுடைய இரண்டு கையிலும் மகள் இருந்தாள்.