இளவரசனின் முதல் சட்டை

வெகு காலத்துக்கு முன்னே பொழில்நாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் மங்கலவர்மன். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். ஒருமுறை கட்டிய துணியை மறுமுறை தொடமாட்டான். அவன் அவிழ்த்துப் போட்டதெல்லாம் அன்றைக்கே துணிச்சாலை அதிகாரி குணவீரர் வீட்டுக்குப் போய்விடும். அது அந்த அரண்மனை வழக்கம்.

அவனுக்குப் பிள்ளை பிறந்தது. லேசான பிரசவமா அது? அரசி பிழைப்பாளா என்று ஊரே கலங்கி நின்றது. மருத்துவச்சி ஒச்சாயி கண் கொட்டாமல் பக்கத்திலேயே இருந்து, தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தாள். பிள்ளைக்கு முதல் சட்டையையும் அவளே தன் கையால் தைத்துப் போட்டாள்.

பெயர் சூட்டும் நாளில் குணவீரர் தொட்டிலை எட்டிப் பார்த்தார். மருத்துவச்சியை எல்லோரும் கொண்டாடுவது அவருக்கு வயிற்றெரிச்சல். "ஐயையோ மன்னா! இளவரசருக்குப் பழைய சேலையைக் கிழித்துச் சட்டையா? பொன்சரிகைப் பட்டுச் சட்டை என் கையில் இருக்க, இது என்ன அவமானம்!"

அரசனுக்கு முகம் சிவந்தது. "கந்தலா என் மகனுக்கு? ஒச்சாயி, விளக்கு வைப்பதற்குள் நீ நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்!"

பாருங்கள் இந்த அநியாயத்தை! பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதான் இதம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அரண்மனைக்குள் யாருக்குத் தெரியும்? ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டை கட்டப் போனாள்.

குணவீரர் சரிகைச் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினார். மாட்டியதும் பிள்ளை வீறிட்டது.

"சிங்கக்குட்டி கர்ஜிக்கிறது மன்னா," என்றார் குணவீரர்.

மந்திரி தேவநம்பி தொண்டையைக் கனைத்தான். "மன்னா, தாங்கள் உண்ணும் சோற்றை முதலில் யார் உண்பது?"

"சுவை பார்ப்பவன். இது என்ன கேள்வி?"

"வாய் பேசத் தெரிந்த உங்களுக்கே அவ்வளவு காவல். பேசத் தெரியாத பிள்ளையின் துணியை யார் உடுத்திப் பார்த்தது? தேர்ந்தெடுத்தவர் குணவீரர்தானே. அதே பட்டில் அவருக்கும் ஒன்று தைக்கட்டும். பிள்ளைக்குப் போட்டது போலவே வெற்றுடம்பில் போட்டுக்கொண்டு விளக்கு வைக்கும்வரை சபையில் நிற்கட்டும்."

"நான் கொடுத்து வைத்தவன்!" என்று குணவீரர் மார்பை நிமிர்த்தினார்.

சித்திரை வெயில். தையற்காரர்கள் மளமளவென்று தைத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு நின்றவர் கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தார். பிறகு அக்குளை. அப்புறம் தூணில் முதுகைத் தேய்த்தார்.

"என்ன குணவீரரே, உறுத்துகிறதா?" என்றான் அரசன்.

"இல்லை மன்னா! சுகமோ சுகம்!"

"அவர் புது நாட்டியம் பழகுகிறார், விடுங்கள்," என்றான் தேவநம்பி.

சபை கொல்லென்று சிரித்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. "அப்பா சாமி, முள்புதரில் விழுந்த மாதிரி இருக்கிறதே!" என்று சட்டையைக் கழற்றி வீசினார். மார்பெல்லாம் செக்கச் செவேலென்று தடித்திருந்தது.

அரசன் ஓடிப்போய்ப் பிள்ளையின் சட்டையைக் கழற்றினான். அங்கும் அதே தடிப்பு. ஒச்சாயி தைத்ததை எடுத்துப் போட்டான். பிள்ளை ஒரு விம்மல் விம்மிவிட்டு அப்படியே தூங்கிப் போயிற்று.

அரசன் சட்டையின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பஞ்சு மாதிரி இருந்தது. ஆனாலும் வீம்பு விடுமா? "பழந்துணிதான் நல்லதென்றால் என் வேட்டியில் தைத்திருக்கலாமே!"

"கொண்டு வரச் சொல்லுங்கள் மன்னா," என்றான் தேவநம்பி.

அரண்மனை முழுக்கத் தேடினார்கள். அறையறையாகப் பட்டு இருந்தது, கஞ்சி போட்ட புது மல்துணி இருந்தது. துவைத்துத் துவைத்து இளகிய துணி ஒரு முழம்கூட இல்லை.

"இருக்காது மன்னா," என்றான் தேவநம்பி. " உங்கள் வீட்டில்தான் எதுவும் பழசாவதில்லையே. ஒச்சாயியும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தன் கல்யாணக் கூறையான பழைய நூல் சேலையைக் கிழித்தாள். மிச்சமிருப்பது இப்போது அவள் கட்டியிருக்கும் ஒன்றுதான்."

அரசன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். கோட்டை வாசலில் மூட்டையோடு போனவளை மறித்துக் கைகூப்பினான். "தாயே, என் வீட்டு விளக்கு இரண்டையும் காப்பாற்றிக் கொடுத்தாய். உன்னைப் போய் விரட்டினேனே, மன்னித்துவிடு. என்ன வேண்டும், கேள்!"

"பிள்ளை தூங்குதா ராசா?"

"தூங்குகிறான், தாயே."

"அது போதும்யா. மாத்துக்குக் கட்ட ஒரு சேலை கொடுங்க. நூல் சேலையாக் கொடுங்க."

அரசன் சேலையும் கொடுத்தான், வீடும் நிலமும் கொடுத்தான். தேவநம்பிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். குணவீரருக்கும் ஒரு வெகுமதி உண்டு: இனி விழா நாளெல்லாம் அந்தச் சரிகைச் சட்டைதான், அதுவும் வெற்றுடம்பில்!

அன்றிலிருந்து அரசன் ஒரே நூல் வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டினான். அரசி மறுபடியும் முழுகாமல் இருந்தபோது அந்த வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு தானே ஒச்சாயி வாசலில் போய் நின்றான்.

அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் துவைக்கணும் ராசா."

"சரி தாயே," என்று வாங்கிக்கொண்டு, பொழில்நாட்டு மன்னன் நேராக ஆற்றுக்குப் போனான்.