மூடிய கையும் ஸ்படிகக் கல்லும்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயலும் அந்தப் பக்கம் மலையுமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜா இந்தக் கதையில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். அவருடைய பிள்ளைகளை ஏந்திய ஒரு கைதான் வரும்.

அந்தக் கை மருத்துவச்சி மயிலம்மையுடையது. அரண்மனைப் பிள்ளையோ குடிசைப் பிள்ளையோ, அவள் கையில்தான் முதலில் அழும். குறுக்கே கிடக்கிற பிள்ளையைக்கூட வயிற்றின்மேல் தடவித் தடவியே திருப்பிவிடுவாள். அவளுக்கென்று மட்டும் ஒன்று பிறக்கவில்லை.

அவள் தங்கை கோமளத்துக்குப் பெண் பிறந்தது. ஏந்தியது மயிலம்மைதான். குளிப்பாட்டி, துணியில் சுற்றி, சேனை தொட விரலைத் தேனில் தோய்த்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை வைப்பதுதான் சேனை. வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

படுத்திருந்த கோமளம், கூடியிருந்தவர்கள் காதில் விழவே சொன்னாள்: "நீ வேண்டாம்க்கா. பிள்ளை பெத்தவ யாராவது வைக்கட்டும்."

மயிலம்மை தேன் விரலைத் துடைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். வலது கையை இறுக்கி மூடினாள். "இந்தக் கை இனிமேல் திறக்காது!" என்றாள். வானத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு தேவதை, ஏன் எதற்கு என்று விசாரிக்காமல், "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. தேவதைகளுக்கு எப்போதும் அவசரம்.

வெந்நீரில் வைத்தாள், கை திறக்கவில்லை. விளக்கெண்ணெய் தடவினாள், திறக்கவில்லை. அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாயால் சொல்ல, மற்றப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள்.

கோமளத்தின் மகள் சம்பங்கி வளர்ந்தாள், கல்யாணமானாள், நிறைமாதமானாள். ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் மயிலம்மை வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"பெரியம்மா, பிள்ளை குறுக்கே கிடக்குதாம். உங்க கையால ஒழிய ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"என் கைதான் மூடிக் கிடக்கே கண்ணு."

"எங்கம்மா பேசினதுக்கு என் வயிறா பதில் சொல்லணும்?"

மயிலம்மை அவளைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். அந்தப் பொழுதே மலைக்குக் கிளம்பினாள். மலை உச்சியில் எந்தச் சாபத்தையும் தீர்க்கிற, பேசுகிற ஸ்படிகங்கள் விளைவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. காவலுக்கு ஒரு கிழட்டு உடும்பு பாறையைக் கவ்விக்கொண்டிருந்தது.

"எங்கே, கையைக் காட்டு" என்றது உடும்பு. பார்த்தது. "ஆத்தாடி! பிடிச்சா விடமாட்டேன்னு உலகத்துல எனக்குத்தான் பேரு. உன் பிடியைப் பார்த்தா எனக்கே வெட்கமா இருக்கே!"

"கேலி பண்ணாதே. தங்கச்சி மக வயித்துல ஒரு உசிரு தவிக்குது."

உடும்பு சிரிப்பதை விட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கல்லை உருட்டிவிட்டது. "மூடின கைமேல இதை வை. பட்டதைச் சொல்லு. கல்லு தெளிஞ்சா கை திறக்கும்."

மயிலம்மை என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு வந்து கல்லைப் பாலில் குளிப்பாட்டினாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், மல்லிகைப்பூ சாத்தினாள். சாம்பிராணி போட்டாள். பட்டதைச் சொல்வதைத் தவிர எல்லாம் செய்தாள்.

புகை தாங்காமல் கல் தும்மியது. "போதும் தாயே! நான் சாமி இல்லை, கல்லு. கும்பிட்டது போதும், சொல்லு!"

மயிலம்மை கல்லைக் கைமேல் வைத்துச் சொன்னாள். "கோமளம் சின்ன வயசிலிருந்தே ராங்கி பிடிச்சவ. பலாச்சுளையில பெரிசு அவளுக்கு, பட்டுப்பாவாடையில புதுசு அவளுக்கு…"

கல் அடுப்புக்கரி மாதிரி கறுத்தது. "இது தெருவுக்குச் சொல்ற கதை. எனக்கு வேண்டாம்."

மயிலம்மை குரலை மெதுவாக்கிக்கொண்டாள். "எனக்கு யார்மேலயும் கோபமில்லை. அவ நல்லா இருக்கட்டும். நான் எப்பவோ மறந்துட்டேன்."

கல் திரிந்த பால் மாதிரி வெளுத்தது. "இது கோயில்ல சொல்ற கதை. இதுவும் வேண்டாம்."

அப்போது கதவு தடதடவென்று தட்டப்பட்டது. சம்பங்கியின் புருஷன். "வலி எடுத்திருச்சு பெரியம்மா! அவ கண்ணு சொருகுது!"

மயிலம்மைக்கு அடுக்கி, அலங்கரித்துச் சொல்ல இனி நேரமில்லை. மூடிய கையோடு கல்லை நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"வலிச்சுது. அத்தனை பேர் முன்னால சொன்னா. ஊர்ப் பிள்ளை எல்லாம் என் கையில அழுதுது, என்னை அம்மான்னு கூப்பிட ஒண்ணும் இல்லை. அந்தப் பிள்ளைக்காவது ஒரு சொட்டு இனிப்பு நான் வைக்கணும்னு ஆசைப்பட்டேன். அதையும் பிடுங்கிட்டா. இன்னிக்கும் வலிக்குது."

சொல்லிவிட்டு அழுதாள். கல் அவசரப்படவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தது.

"அவ செஞ்சது தப்புதான் தாயே" என்றது. யாரும் அவளிடம் அதுவரை சொல்லாத வார்த்தை.

"அவ இன்னும் மன்னிப்புக் கேக்கலையே?"

"கேட்டாலும் கேப்பா, கேக்காமலும் போவா. அது அவ பாடு. கை உன்னுடையது."

கல் சுனைத்தண்ணீர் மாதிரி தெளிந்தது. முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மோதிரவிரல், பிறகு நடுவிரல். மயிலம்மை கல்லை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மற்ற விரல்கள் வழியில் திறந்தன.

வாசலில் கோமளம் நின்றாள். அக்காவின் விரிந்த கையைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. "அக்கா, அன்னிக்கு நான் வாய்க்கு வந்ததை…"

"அப்புறம் கேக்கறேன். தள்ளு. வெந்நீர் போடு!"

உள்ளே சம்பங்கி துவண்டு கிடந்தாள். மயிலம்மை அவள் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்தாள். "வா ராசா" என்று தடவினாள், அசையவில்லை. "வா ராசா" என்று தடவினாள், ஒரு புரளல். "வா ராசா" என்று தடவினாள், பிள்ளை நேராகத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வீடே அதிர ஓர் அழுகை கேட்டது.

தண்ணீர்ப் பானையோடு ஓடிவந்த கோமளம், அதை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். "ஆம்பளைப் பிள்ளையாக்கா?"

"ஆமா. உன்னை மாதிரியே தொண்டை."

கோமளம் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "நான் பேசினது பாவம்க்கா. என்னை மன்னிச்சிட்டியா?"

மயிலம்மை கொஞ்சம் யோசித்தாள். கையில் பிள்ளை காலை உதைத்தது.

"பாதி. மீதியைப் பிறகு பார்க்கலாம். தண்ணி ஆறுது பாரு, கொண்டா."

அந்த மீதிப் பாதி வருத்தம் தீருவதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். ஆனால் தீர்ந்தது. அவர்கள் வீட்டில் தீர்ந்தது போல, கேட்ட உங்கள் வீட்டிலும் சொன்ன என் வீட்டிலும் தீரட்டும்.