தவிட்டுக்குறிச்சிக்காரர்கள் பைபாஸுக்கு மாலை போட்டது

தவிட்டுக்குறிச்சியில் மூளை இல்லாதவன் என்று ஒருத்தனையும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் இருக்கிறது. வந்த அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் புத்தம்புதுசாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு பைபாஸ் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தபோது பிறந்த பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். தவிட்டுக்குறிச்சிக்காரன் நம்பினான். நம்பினதோடு விட்டானா? எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கணக்கும் போட்டான்.

"சென்னையில கிளம்பின ரோடு இப்ப எங்கனவே வந்துக்கிட்டு இருக்கும்?" என்பார் உரக்கடை ஞானதிரவியம்.

"மதுரை தாண்டியிருக்கும் அண்ணாச்சி. வழியில ஊர் ஊருக்கு நிக்கும்லா?" என்பார் வார்டு உறுப்பினர் கொம்பையா.

"பைபாஸ் எப்படிவே ஊருக்குள்ள நிக்கும்? ஊருக்குள்ள வராததாலதான அதுக்குப் பேரே பைபாஸு."

"அப்ப நம்ம ஊரையும் தாண்டிப் போயிருக்குமோ?"

இந்தக் கேள்வி வந்த அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பேச்சு நடப்பதெல்லாம் பேச்சியக்காவின் இட்லிக் கடையில். ஊருக்கு இருப்பது ஒரே ரோடு. அது பஜாருக்குள் வந்ததும் முழங்கையை மடக்கினது மாதிரி ஒரு வளைவு. அந்த மூட்டில்தான் கடை. புருஷன் போன பிறகு பேச்சியக்கா ஒற்றை ஆளாக நின்று கட்டினது. லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் அந்தச் சுவரை உரசிவிட்டுத்தான் திரும்புவான். பெயிண்ட் அடிக்கிற செலவே அவளுக்கு இல்லை. பச்சை லாரி வந்தால் பச்சை, சிவப்பு லாரி வந்தால் சிவப்பு.

கடைசியில் ஒருநாள் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது: திருமண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். இன்ஜினியர் மங்கையர்க்கரசி ஜீப்பில் வந்து இறங்கினார். மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் பேரூராட்சித் தலைவர் ஆவுடையப்பன்.

"நான் கேட்கத்தானே வந்திருக்கேன்."

"நாங்களும் கேக்கத்தான் வந்திருக்கோம். கருத்துக் கேட்புக் கூட்டம்னு போட்டிருக்கு. கேட்டுட்டுப் போயிருவோம். சொல்லுத ஆளு இன்னும் வரல போல."

இன்ஜினியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தானே சொன்னார். விஷயம் சுருக்கம். பெரிய வண்டிகள் போக வழி வேண்டும். ஒன்று, ஊருக்கு வெளியே என்றைக்கோ கல் நட்டு வைத்த இடத்தில் நிலம் எடுத்து பைபாஸ் போட வேண்டும். இல்லையென்றால் பஜார் வளைவை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் பேச்சியம்மாள் கடை போய்விடும். இரண்டில் எது என்று ஊர் கூடி முடிவு சொல்ல வேண்டும்.

பின்வரிசையிலிருந்து பேச்சியக்கா எழுந்தாள். "கடை மேல கைய வச்சா, மறுநாள் காலையில இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இட்லி கிடையாது. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

ஊரே கதிகலங்கிப் போயிற்று. எல்லோரும் பைபாஸ் பக்கம்.

"முடிவை எழுத்துல கொடுக்க ரெண்டு மாசம் டைம் தர்றேன்" என்றார் இன்ஜினியர்.

ஆவுடையப்பன் சிரித்தார். கத்தரிக்காய் வாங்கினாலும் பேரம் பேசாமல் வாங்காத மனுஷன். "ரெண்டு மாசம் எல்லாம் கட்டாதும்மா. ஒரு மாசம்னு சொல்லுங்க, பேசுவோம்."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. "ஒரு மாசம் போதுமா?"

"அதுவும் அதிகந்தான். கடைசியா, முடிவா ஒரு வார்த்தை. பதினஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் கொடுத்தாலும் வாங்க மாட்டோம்."

பதினைந்து நாளில் பேரம் படிந்தது. பாதியல்ல, காலாகக் குறைத்துவிட்டார் என்று தலைவருக்குத் துண்டு போர்த்தினார்கள். குறைத்தது யாருடைய அவகாசத்தை என்று ஒரு கழுதையும் கேட்கவில்லை.

மறுநாள் பேச்சியக்கா கடையில் ஆலோசனை.

"ரோடு வேணும். அதுல ரெண்டு பேச்சு கிடையாது" என்றார் கொம்பையா. "ஆனா நிலத்தை எடுக்கப் போறோம்னு அந்த அம்மா சொன்னதுதான் எனக்குப் பிடிக்கல. என் நிலம். எங்க அப்பன் நிலம்."

"எனக்கும் அங்கனதான் நிலம்" என்றார் ஞானதிரவியம். "ரோட்டைப் போடட்டும். நிலத்தை ஏன் எடுக்கணும்?"

"அவங்க வந்து எடுக்கதுக்கு முன்னாடி நாம எடுத்து வீட்டுல வச்சுக்கிட்டா?" என்றார் தலைவர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட்டைப்பெட்டி லேசாகப் பிரிந்த சத்தம் கேட்டது.

"எவ்வளவு எடுக்கணும்?"

"கல்லுக்குக் கல் எவ்வளவு அளந்திருக்கானோ அவ்வளவு. வெளியில ஒரு கூடை மண் அள்ளக் கூடாது. அது அவங்க கேக்காத நிலம். நாம நியாயத்துக்குக் கட்டுப்பட்டவங்க."

பொக்லைன் வந்தது. டிராக்டர்கள் வந்தன. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை நூல் பிடித்தாற்போல மண்ணை வழித்தார்கள். கீழே சுக்கான் பாறை தட்டியதும் நிறுத்தினார்கள். அது ஆண்டவன் நிலம், அதை யாரும் எடுக்க முடியாது. வழித்த மண்ணை அவரவர் வீட்டில் கொட்டினார்கள். கொம்பையா வீட்டுக் கூடத்தில் ஓர் ஏக்கர். ஞானதிரவியம் வீட்டில் சமையல்கட்டுவரைக்கும் மண். கட்டிலைக் கூரைக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்தார். தூங்கும்போது நிலத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.

"இப்ப வந்து எடுக்கட்டும் பாப்போம்!" என்றார், இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்து.

"ஏம் அண்ணாச்சி," என்றாள் பேச்சியக்கா, சட்னியை ஊற்றிக்கொண்டே, "முடிவை எழுதிக் கொடுத்தாச்சா?"

"எதுக்கு எழுதணும்? நிலமே நம்ம கையில இருக்கு!"

அவள் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் பக்கத்து இலைக்காரன் எழுந்து போய்விட்டான்.

பேரம் பேசி வாங்கின பதினைந்தாம் நாளும் வந்தது. காலையில் தலைவர் போனில் இன்ஜினியர். "உங்க கடிதம் இன்னும் வரலையே? நல்லவேளை, மேலேயும் பைபாஸுக்குத்தான் சாதகமா பேசுறாங்க. பைபாஸ் வந்துடும்னு நினைக்கிறேன். மதியம் நானே வர்றேன். ஊரோட தயாரா இருங்க."

தலைவர் போனை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "வே, பைபாஸ் இன்னைக்கு வருது. மதியம்."

மேளம் சொன்னார்கள். மாலை கட்டினார்கள். ஊர் ஆர்ச்சுக்குக் கீழே வெயிலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பஸ் வந்தது, அது பைபாஸ் இல்லை. தண்ணீர் லாரி வந்தது, அதுவும் இல்லை. அப்புறம் தூரத்தில் ஒன்று வந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்த லாரி. அதன் மேல் காற்றாலைக்குப் போகிற இறக்கை ஒன்று. லாரி ஆர்ச்சுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்த இறக்கையின் வால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டவில்லை. அவ்வளவு நீளம். வழவழவென்று வெள்ளையாக இருந்தது.

"வந்துட்டுவே!" என்று கத்தினார் கொம்பையா. "ரோட்டை மடக்காம, சுருட்டாம, அப்படியே நீட்டமா கொண்டாந்திருக்காங்க!"

"ரோடு கறுப்பால்ல இருக்கும்? இது வெள்ளையா இருக்கு" என்றார் ஞானதிரவியம்.

"தார் அடிக்கல அண்ணாச்சி. இங்க வந்துதான் அடிப்பாங்க. அடிச்சுக் கொண்டாந்தா வழியெல்லாம் ஒட்டாதா?"

சரியான பதில். ஞானதிரவியம் ஒப்புக்கொண்டார்.

லாரி டிரைவர் சூசை தலையை வெளியே நீட்டினான். "அண்ணாச்சி, காத்தாடி போடுற இடத்துக்கு இப்படி இடது பக்கமாத்தான போகணும்?"

"நல்லாருக்கே! ரோடு போய் வழி கேக்கலாமா?" என்று தலைவர் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். "நேரா வாங்க. பஜார் வழியா ஒரு சுத்து. சனங்க கண்ணால பாத்துக்கிடட்டும். எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம்!"

"பஜார்ல வளைவு இருக்குன்னாங்களே? இது திரும்பாது அண்ணாச்சி!"

மேளச் சத்தத்தில் அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம். சூசை அழாத குறையாக வண்டியை விட்டான்.

வளைவில் லாரி முன்பக்கம் திரும்பியது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வால் எதிர்ப்பக்கம் போய், பேச்சியக்கா கடை ஜன்னலுக்குள் நுழைந்து, கல்லாவுக்கு மேலே, இட்லிச் சட்டிக்கு ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

பேச்சியக்கா வெளியே வந்தாள். கையில் சாம்பார்க் கரண்டி. "எவன்டா அது?"

"அக்கா, பைபாஸ் உங்க கடைக்கே வந்திருக்கு!" என்றார் கொம்பையா.

"ஜன்னலையும் இந்தச் செவுத்தையும் இடிச்சா வண்டிய எடுத்துரலாம்கா" என்றான் சூசை.

"இடிச்சுருவோம்" என்றார் தலைவர்.

"தலைவரே!" அவள் குரல் ஆர்ச்சு வரைக்கும் கேட்டிருக்கும். "கடைய இடிக்கக் கூடாதுன்னுதான பைபாஸு கேட்டீரு?"

"ஆமா."

"இப்ப பைபாஸுக்காகக் கடைய இடிக்கச் சொல்லுதீரு?"

தலைவர் நீண்ட நேரம் யோசித்தார். யோசித்தால் பசிக்கும். கடைக்குள் போய், இறக்கைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, நாலு இட்லி கேட்டார்.

இதற்குள் பஜார் அடைத்துவிட்டது. இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி, நடுவே ஒரு கல்யாண வேன். ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். எவனோ ஒரு பால் வண்டிக்காரன் சலித்துப்போய் வண்டியைத் திருப்பி, கல் நட்ட இடத்தில் மண் வழித்திருந்த பள்ளத்துக்குள் இறக்கினான். சுக்கான் தரை, சிமென்ட் மாதிரி இறுக்கம். ஊரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டான். அவன் பின்னால் பஸ், பஸ் பின்னால் கல்யாண வேன். ஒரு மணி நேரத்தில் பஜாரில் ஹாரன் சத்தமே இல்லை.

இன்ஜினியர் அம்மாள் ஜீப்பும் அந்த வழியில்தான் வந்தது. இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "யாருங்க அந்தப் பாதையை வெட்டினது? நாங்க அளந்த அளவுலேயே இருக்கு! மேலே தார் போட வேண்டியதுதான் பாக்கி. பேச்சியம்மா, உங்க கடைக்கு இனி ஒண்ணும் ஆகாது."

பேச்சியக்காவுக்குக் கரண்டி கையிலிருந்து நழுவியது.

"அது ரோடு இல்லம்மா, நாங்க நிலத்தை எடுத்த பள்ளம்" என்று கொம்பையா ஆரம்பித்தார். அவர் வாயைத் திறந்தால் காரியம் கெடும் என்பதை அந்த அம்மாள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். கையை உயர்த்தினார்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாம் இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். நான் போன் பண்ணிச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, முழுசாகப் புரிந்தது.

ஜீப் போனது. ஊர் அப்படியே நின்றது. கொம்பையா ஒரு கையை நீட்டியபடி. ஞானதிரவியம் தும்மலுக்கு வாயைத் திறந்தபடி. தலைவர் ஆவுடையப்பன், இட்லித் துண்டைத் திறந்த வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி. சூசை மட்டும் லாரிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"அசையாதவே!" என்று உதட்டை அசைக்காமல் அதட்டினார் கொம்பையா.

பொழுது போய், பொழுது விடிந்தது. தலைவர் வாய் திறந்தே இருந்தது ஒருவகையில் வசதி. பேச்சியக்கா மேலேயிருந்து டீயை ஊற்றினாள். ஈரச் சேலையை இறக்கையின் மேல் காயப்போட்டாள். வியாபாரம் அவளுக்கு நின்றுவிடவில்லை. புதுவழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, ஊரே சிலையாக நிற்பதை வேடிக்கை பார்க்க வந்து, இட்லியும் தின்றுவிட்டுப் போனார்கள்.

அத்தனை வருஷம் நகராத கோப்பு மறுநாளே நகர்ந்தது. வேலை முடிந்துபோன வேலை என்றால் ஆபீஸில் எல்லோருக்கும் சுறுசுறுப்பு வந்துவிடும். தலைவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

யாரும் அசையவில்லை.

"தலைவரே, போன்!" என்றாள் பேச்சியக்கா.

"தொடக் கூடாதுல்லா" என்றார் கொம்பையா, பல்லுக்குள்ளேயே. "அடிக்கது யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா."

"இன்ஜினியரம்மாதான்!"

"அப்ப சத்தியமா எடுக்கக் கூடாது. நாம சொன்னபடி இருக்கமான்னு சோதிச்சுப் பாக்காங்க."

பேச்சியக்கா பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தலைவர் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துப் பேசினாள். "ஆமாம்மா. சரிம்மா. ஊருக்கு முழுச் சம்மதம்மா. கடை இருக்குல்லாம்மா? உங்க பிள்ளைகுட்டி நல்லாருக்கும்மா." போனை வைத்துவிட்டு ஊரைப் பார்த்துக் கத்தினாள்: "உத்தரவு வந்தாச்சு! பைபாஸு உறுதி! கடையும் உறுதி! இனிமே அசையலாம்யா!"

ஊர் அசையவில்லை. கொம்பையாவின் கண் ஞானதிரவியத்தைப் பார்த்தது. ஞானதிரவியத்தின் கண் தலைவரைப் பார்த்தது. உதடு அசையாமல் ஆலோசனை நடந்தது.

"தொடலாம்னு உத்தரவு எதுல வந்துச்சு?"

"போன்ல."

"போனைத் தொட்டது எப்ப?"

"உத்தரவு வாரதுக்கு முன்னாடி."

"அப்ப செல்லாதுவே. தொடாம எடுத்திருந்தாத்தான் செல்லும்."

தலைவர், கையில் இட்லியோடு, கண்ணை மட்டும் பேச்சியக்கா பக்கம் திருப்பினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போனை எடுத்த இடத்துலயே வச்சிருங்க. அந்த அம்மா திரும்பக் கூப்பிடட்டும். யாரும் எடுக்காம இருந்து, முறையா உத்தரவு வாங்கிக்கிடுதோம்."