ஆமை எழுதாமல் விட்ட ஒரு வரி

கோரைக்குளத்தில் நீர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. குளத்துக்கு உரியவரான ஆமை திண்ணோடர் பெரிதும் கவலைப்பட்டார். கோடை வெயிலை அவர் உடல் தாங்காது. மழை வரும்வரை கரைக் களிமண்ணுக்குள் புதைந்து உறங்குவதே அவர் குலத்து வழக்கம். அதுவரை குளத்தை யார் பார்த்துக்கொள்வது? தாம் எழுந்து வராமலே போய்விட்டால் என்ன ஆவது?

ஆகவே அவர் இரண்டு பத்திரங்கள் எழுதினார்.

ஒன்று உயில். "என் காலத்துக்குப் பின் குளத்தின் நடுப்பள்ளம் கானாங்கோழிக்குச் சேரும்" என்றது அது. எந்தக் கோடையிலும் வற்றாத பள்ளம் அது. வலைக்காரர் வரும்போதெல்லாம் கூவி எச்சரித்து ஆமையின் உயிரைக் காத்தவள் கானாங்கோழி.

மற்றொன்று பொது அதிகாரப் பத்திரம். தாம் உயிரோடு இருக்கும்வரை தம் பெயரால் எதையும் செய்ய உடும்பு வல்லுகிரனுக்கு அதிகாரம் உண்டு என்று அதில் எழுதியிருந்தார்.

அக்காட்டில் பத்திரங்களைப் பதிவு செய்பவர் கூழைக்கடா. அலகின் கீழே தொங்கிய பைதான் அவருடைய அலுவலகம். அந்தப் பைக்குள் போன பத்திர இலைதான் செல்லும்.

"பெரியவரே! 'குளத்தைக் காப்பதற்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்களேன்!" என்றாள் கானாங்கோழி.

"மெதுவாகப் பேசு, அம்மா! உடும்புத் தம்பியின் காதில் விழுந்தால் மனம் நோவான். பழகியவனிடம் போய் எல்லை போட்டு எழுதுவதா? அவனைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடாதா?"

கூழைக்கடா பையை ஒரு குலுக்குக் குலுக்கினார். "எழுதியதை மட்டுமே நான் படிப்பேன், ஐயா! மனத்தில் இருப்பதைப் படிக்க எனக்குத் தெரியாது!"

ஆமை சிரித்தார். நகத்தைச் சேற்றில் தோய்த்து இரண்டு இலைகளிலும் பதித்தார். பின்பு மண்ணுக்குள் இறங்கினார்.

வெயில் ஏறியது. களிமண் அவருடைய ஓட்டைச் சுற்றிக் கல்லாக இறுகியது. அரைத்தூக்கத்தில் இருந்த ஆமைக்கு ஒருநாள் தலைக்கு மேலே காலடியோசை கேட்டது.

"உடும்பாரே! மேற்குக் கரைக் கோரை முழுவதும் எங்களுக்கு வேண்டும். கிழங்கு தோண்டித் தின்ன அருமையான இடம்!" என்றது காட்டுப்பன்றி.

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்! பதிலுக்கு உங்கள் புற்று மேட்டை எனக்குக் கொடுத்துவிடுங்கள்."

"ஆமையார் சம்மதிப்பாரா?"

"அவருடைய சம்மதம் என் கையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள்! எல்லாவற்றுக்கும் சம்மதம்!"

ஆமைக்கு உறக்கம் பறந்தது. 'ஐயோ! அந்தக் கோரையில் அல்லவா கானாங்கோழியின் கூடும் நான்கு குஞ்சுகளும் இருக்கின்றன!' என்று கத்த முயன்றார். வாயில் மண் அடைத்திருந்தது. காலை அசைக்கவும் முடியவில்லை. சில நாள் கழித்து, குஞ்சுகளின் கீச்சொலி மேற்குக் கரையை விட்டுப் பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்ந்ததை அவர் கேட்டார். எண்ணிப் பார்த்தார். நான்கு குரல்கள். நல்ல வேளை, நான்கும் இருந்தன!

ஆனால் பன்றிக்கு ஆசை அடங்கவில்லை. தன் கூட்டம் புரள்வதற்கு அந்தப் பள்ளமும் வேண்டும் என்றது. உடும்பு உடனே பத்திரம் எழுதிக்கொண்டு கூழைக்கடாவை அழைத்து வந்தது. ஆமை புதைந்திருந்த கரையின் மேலேயே எல்லோரும் கூடினார்கள்.

"நிறுத்துங்கள், பதிவாளர் ஐயா!" என்று கானாங்கோழி ஓடி வந்தாள். "இதுவும் போனால் என் குஞ்சுகளுக்கு ஒரு வாய் நீர் ஏது?"

கூழைக்கடா தொண்டையைச் செருமினார். "சட்டத்தைச் சொல்கிறேன், கேள். ஆமையார் உயிரோடு இருந்தால் அதிகாரப் பத்திரம் செல்லும், பள்ளம் பன்றிக்கு. அவர் இறந்திருந்தால் அதிகாரம் அந்த நொடியே முடிந்தது, உயில் செல்லும், பள்ளம் உனக்கு. அவர் இறந்துவிட்டார் என்று நீ சாட்சி சொல்வாயா?"

மண்ணுக்குள் ஆமை மனத்துக்குள்ளேயே கூவினார். 'சொல், அம்மா! இறந்துவிட்டேன் என்று சொல்லிவிடு!'

கானாங்கோழி பள்ளத்தின் ஓரத்தில் நின்ற குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். பின்பு, "தெரியாது, ஐயா" என்றாள். "அவர் குரல் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் என் குஞ்சுகளுக்காக அவரைச் சாகடிக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் இருக்கிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்."

"மகராசி! உன் வாயாலேயே சொல்லிவிட்டாய்!" என்று உடும்பு துள்ளியது. "இதோ, இந்தக் கரைக்கு அடியில்தான் இருக்கிறார். தோண்டுங்கள், பன்றியாரே! எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும்!"

பன்றியின் தந்தம் மண்ணைக் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் ஆமையின் ஓடு அதிர்ந்தது. தலையை இழுத்துக்கொண்டு பிணம்போல் கிடந்தால் பள்ளம் பிழைக்குமே என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் தன் குஞ்சுகளுக்காகக்கூட ஒரு பொய் சொல்ல மறுத்தவளின் முன்னால் பொய்ப் பிணமாகக் கிடப்பதா? மண் பிளந்து வெளிச்சம் விழுந்ததும் அவர் காலை நீட்டினார்.

"அசைகிறது! உயிர் இருக்கிறது! ஐயா, பையைத் திறவுங்கள்!" என்று உடும்பு கத்தியது.

கூழைக்கடா அலகைத் திறந்தார். உடும்பு இலையை உயர்த்தியது. ஆமை வாயைத் திறந்தார், மண்தான் உதிர்ந்தது. கானாங்கோழி பள்ளத்துக்கு ஓடினாள். அலகு நிறைய நீர் மொண்டு வந்து அவர் வாயில் விட்டாள்.

"ரத்து!" என்றார் ஆமை.

கூழைக்கடாவின் அலகு படீரென்று மூடியது. இலை வெளியிலேயே நின்றது.

"நான் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்கிறேன்!"

"அது எப்படி?" என்று உடும்பு சீறியது. "எல்லா அதிகாரமும் எனக்கு என்று எழுதியிருக்கிறதே!"

"அவர் உயிரோடு இருக்கிறார் என்று வாதாடியது நீதானே? உயிரோடு இருப்பவர் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். தோண்டச் சொன்னதும் நீதான்!" என்றார் கூழைக்கடா.

உடும்பு அந்த இலையை விடாப்பிடியாகப் பற்றியிருந்தது. ஆனால் அதன் கையில் இருந்தது இப்போது வெறும் இலை.

ஆமை மேற்குக் கரையைப் பார்த்தார். அங்கே உழுதுபோட்ட மண்ணும் சிதைந்த கூட்டின் துரும்புகளுமே கிடந்தன.

"பதிவாளரே, இதற்கும் ரத்து உண்டா?"

"இல்லை, ஐயா. உங்கள் பெயரால் நடந்தது, கைமாறியது மாறியதுதான். பதிலாக வந்த புற்று மேடு மட்டும் உடும்புக்கு அன்று, உங்களுக்கே உரியது."

"ஆமைக்குப் புற்று மேடா!" என்று பன்றி விழுந்து விழுந்து சிரித்தது.

ஆமை சிரிக்கவில்லை. "வேறோர் அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். கானாங்கோழியின் பெயருக்கு. 'மழை வரும்வரை மட்டும். குளத்தைக் காப்பதற்கு மட்டும். எதையும் விற்கவோ மாற்றவோ அதிகாரம் இல்லை.'"

"என் மேலும் சந்தேகமா, பெரியவரே?" என்று கானாங்கோழி கேட்டாள்.

"இல்லை, அம்மா. என் அசட்டையின் மேல்தான்!" என்று சொல்லி, ஒவ்வொரு வரியையும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஆமை நகத்தைச் சேற்றில் தோய்த்தார்.

நம்பியவருக்கே ஆயினும், அதிகாரத்தை எழுதிக் கொடுப்பவர் எதற்கு, எதுவரை என்னும் எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லையேல் அந்த ஒரு வரியின் குறையைத் தம்மை அண்டி வாழ்வோரே சுமக்க நேரும்.