முப்பத்திரண்டாவது வீடு

"எந்த ஊர்ல வீடு வாங்கினா நல்லது, மேடம்?"

தணிகாசலம் இதைக் கேட்டபோது சகாயமேரி தபால்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"வேலை எங்க?"

"அதுதான் பிரச்னையே. எங்கயும் இல்ல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலை இருக்கு," என்று அவசரமாகச் சொன்னார் தணிகாசலம். "ஆபீஸ்தான் இல்ல. கம்பெனிக்காரங்க ஆபீஸையே மூடிட்டாங்க. எந்த ஊர்ல வேணா இருங்க, வீட்டுலேர்ந்தே வேலையைப் பாருங்கன்னுட்டாங்க."

"நல்லதுதானே?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. தனி ஆள். இருபத்திரண்டு வருடங்களாக ஆபீஸ் எங்கே இருந்ததோ அதன் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார். இருந்த வீட்டைத் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தமாக ஒன்றை வாங்கிவிடலாம் என்று கிளம்பியவர், சென்னைக்குத் தெற்கே ரயில் போகிற ஊரெல்லாம் இறங்கி முப்பத்தோரு வீடுகளைப் பார்த்துவிட்டார்.

ஒவ்வொரு ஊருக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் எத்தனை அடியில், மழை வந்தால் தெரு முழுகுமா, இன்டர்நெட் என்ன வேகம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். மொத்தம் பத்தொன்பது கேள்விகள். எந்த ஊரும் எழுபதைத் தாண்டவில்லை.

கடைசியில் புரோக்கரே பைக்கை ஓரம் கட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், என்னை விட்டுடுங்க. போஸ்ட்டம்மா சகாயமேரியைப் போய்ப் பாருங்க. இந்தப் பக்கத்து ஊரு பூரா அவங்க நடந்த ஊரு."

அது உண்மைதான். சகாயமேரிக்கென்று சொந்தமாக ஒரு தெரு கிடையாது. யாராவது தபால்காரர் லீவு போட்டால் அவருக்குப் பதிலாக இவர் போவார். பதினாறு வருடங்களாக அப்படித்தான். பதினோரு ஊர்கள். இந்த ஊரில் மூன்று நாள், அந்த ஊரில் பத்து நாள்.

தணிகாசலம் தன் அட்டவணையைத் திறந்து கம்பி ஜன்னல் வழியாக நீட்டினார். சகாயமேரி அதைப் பொறுமையாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"மூணு நாள் லீவு போட முடியுமா, சார்?"

"முடியும்."

"என்கூட நடங்க. போன் வேண்டாம். பையைத் தொடக் கூடாது, அது சர்க்காரோடது. வீட்டைப் பத்திப் பேசக் கூடாது."

"அப்புறம் என்னதான் பேசறது?"

"பேசித்தான் ஆகணுமா?"

*

முதல் நாள் கன்னிமேடு. ஏரி, அகலமான சாலைகள், வரிசையாகப் புங்க மரங்கள்.

சகாயமேரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தணிகாசலம் பின்னாலேயே போனார்.

பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வீட்டில் மணியை அடித்துவிட்டு சகாயமேரி நெடுநேரம் நின்றார். உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. இன்னொரு வீட்டில் மணியைத் தொடவேயில்லை. வெளிக்கதவில் விரல் நுனியால் இரண்டு தட்டு. தோளில் குழந்தையைத் தூங்கப்போட்டபடி ஒரு பெண் வந்து, சத்தமில்லாமல் சிரித்து வாங்கிக்கொண்டாள்.

"குழந்தை பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊருக்கு நீங்க வந்து அஞ்சு மாசம் ஆச்சுன்னீங்களே?"

"மாடியில துணி காயுது பாருங்க."

மாலையில் தபால் நிலையத்துக்குத் திரும்பினார்கள்.

"நாலாவது தெருவுல ஒருத்தங்க கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்களே," என்றார் சகாயமேரி. "உங்க பேரைக் கேட்டாங்கல்ல?"

"ஆமா. சொன்னேன்."

"அவங்க பேர் என்ன?"

தணிகாசலம் அதைக் கேட்டிருக்கவில்லை.

*

மறுநாள் சாலிப்பாக்கம்.

தணிகாசலம் காலையிலேயே ஒரு முடிவோடு வந்திருந்தார். முதல் தெருவில் கண்ணில் பட்ட எல்லோரையும் நிறுத்தி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். இரண்டாவது தெருவில் ஒருவர், "ஓட்டர் லிஸ்ட்டா? எங்க வீட்டுல நாலு பேர்," என்றார். மூன்றாவது தெருவில் ஒரு பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக, "அடையாள அட்டையைக் காட்டு," என்றார்.

சகாயமேரி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்!"

"நான் எங்க சார் சொன்னேன்? கேட்டேன்."

மதியம் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தணிகாசலத்துக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது வேறொன்று. யாரிடமும் சொல்லாததை அங்கே வைத்துச் சொன்னார்.

"போன ஆடி மாசம் சேர்ல உக்கார்ந்தபடியே மயங்கிட்டேன். சர்க்கரை எறங்கிடுச்சு. கம்ப்யூட்டர்ல எங்க பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். ரொம்ப நேரம் அசையாம இருந்தா அது மஞ்சளாயிடும். போலந்துல இருந்து என்கூட வேலை பார்க்கறவன் ஒருத்தன் அதைப் பார்த்துட்டு, யார் யாரையோ புடிச்சு, கடைசியில எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணியிருக்கான். நாலு மணி நேரம். வாட்ச்மேனுக்கு என் பேரைச் சொன்னா எந்த வீடுன்னு தெரியல. ஏழு வருஷமா அங்க இருக்கேன்."

சகாயமேரி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அந்தப் போலந்துக்காரர் பேர் என்ன?"

"தோமாஷ்."

"தெரியுதே," என்று சொல்லி, புளிசாதத்தில் பாதியை மூடியில் எடுத்து வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.



*

மூன்றாவது நாள் ஈச்சந்தாங்கல். அங்கே இருக்கும் தபால்காரர் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு. அந்தப் பத்தில் அன்றுதான் சகாயமேரிக்கு முதல் நாள்.

தணிகாசலம் முப்பத்தெட்டு மதிப்பெண் போட்டு ஒதுக்கிய ஊர் அது. தெருவெல்லாம் மேடும் பள்ளமும். பாதி மனைகளில் இன்னும் முள்செடி.

ஆறாவது தெருவில் கமலவேணி என்ற பெயருக்கு ஒரு பதிவுத் தபால். சகாயமேரி மணி அடித்தார். நின்றார். மறுபடி அடித்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணற்றின் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரோரம் வழிந்து தெருவுக்கே வந்துவிட்டது.

"ஆள் இல்ல போலருக்கு. சீட்டு எழுதி வெச்சிட்டுப் போயிடலாமே," என்றார் தணிகாசலம்.

சகாயமேரி வழிகிற தண்ணீரைப் பார்த்தார். வெளியில் பூட்டு இல்லாமல் உள்ளே தாழிட்டிருந்த உயரமான கேட்டைப் பார்த்தார்.

எதிர்வீட்டு மாடியில் கழுத்தில் ஹெட்போனோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து தண்ணி வேஸ்ட்டாப் போகுது. குரூப்ல எழுதியிருக்கேன். யாரும் பதில் போடல."

"எவ்வளவு நேரமா, பாப்பா?"

"ஏழு மணியிலேர்ந்து."

"அவங்க எங்க போயிருக்காங்க?"

"தெரியல. அந்த ஆன்ட்டியோட பேரே எனக்குத் தெரியாது."

மணி பத்தே கால்.

சகாயமேரி தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். குரல் மாறவேயில்லை.

"என்னால பையை விட்டுட்டு வர முடியாது. நீங்க ஏறுங்க."

"எங்க?"

வலப்பக்கம் ஒரு காலி வீடு இருந்தது. கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு சுவர்.

பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு தணிகாசலம் எந்தச் சுவரும் ஏறியதில்லை. காலி வீட்டின் கேட்டைத் தள்ளி உள்ளே போனார். ஒரு செங்கல் குவியலில் கால் வைத்துத் தொற்றினார். முழங்கை சிராய்த்தது. சட்டைப் பொத்தான் ஒன்று எங்கோ தெறித்தது. மறுபக்கம் தொப்பென்று விழுந்து எழுந்தார்.

கம்ப்ரஸர் சத்தத்தில் காது அடைத்தது. பின்சுவரில் சுவிட்ச் இருந்தது. அணைத்தார்.

சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா…"

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஈரத்தில் கிடந்தார் அந்த அம்மாள். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது.

"இருக்கேம்மா," என்றார் தணிகாசலம். பிறகு தெருப்பக்கம் திரும்பி, தனக்கே தெரியாத ஒரு குரலில் கத்தினார். "மேடம்! இருக்காங்க! விழுந்து கெடக்காங்க!"

கேட்டுக்கு வெளியே இருந்து சகாயமேரியின் குரல் ஒவ்வொன்றாக வந்தது. தூக்க வேண்டாம். தண்ணி கொடுக்க வேண்டாம். கால் விரலை ஆட்ட முடியுதான்னு கேளுங்க. பாப்பா, நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, அப்புறம் ஒரு போர்வை எடுத்துக்கிட்டு இறங்கி வா.

அந்தப் பெண் ஹெட்போனை எங்கே வீசினாளோ, போர்வையோடு ஓடிவந்தாள்; தணிகாசலம் கேட்டின் தாழை நீக்கி அவளை உள்ளே விட்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சகாயமேரி சைக்கிளைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தி, வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார். கமலவேணியை ஏற்றினார்கள். தணிகாசலமும் கூட ஏறினார். கதவு சாத்தும்போது அவர் பார்த்தார். சகாயமேரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏழாவது தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். பையில் இன்னும் நாற்பது தபால் இருந்தது.

*

மாலையில் தபால் நிலையத்துக்கு வந்தார் தணிகாசலம். முழங்கையில் பிளாஸ்திரி.

"கணுக்கால் எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு. தேறிடுவாங்கன்னாங்க."

"நல்லது சார்."

"மேடம், ஒண்ணு மட்டும் நல்லாப் புரிஞ்சிபோச்சு."

சகாயமேரி காத்திருந்தார்.

"ஈச்சந்தாங்கல் வேண்டவே வேண்டாம். மூணு மணி நேரம் ஒரு மனுஷி கத்தியிருக்காங்க. அந்தத் தெருவுல ஒருத்தர் வரல."

"ஒருத்தர் வந்தாரே."

"நான் அந்தத் தெருக்காரன் இல்லையே!"

சகாயமேரி பட்டுவாடா ஆகாத பதிவுத் தபாலை எடுத்தார். முதுகுப்பக்கம் அன்றைய தேதியைக் குறித்தார். அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மூணு நாள் முடிஞ்சுது, சார்," என்றார்.

தணிகாசலம் வீட்டுக்குப் போனார். காலையில் எழுந்து அட்டவணையைத் திறந்தார். இருபதாவதாக ஒரு கேள்வி சேர்க்கலாம் என்று உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மணி பதினொன்று வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கமலவேணி நல்ல தூக்கத்தில் இருந்தார். எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் மடியில் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் யாழினி. தணிகாசலம் கேட்காமலேயே அவள் சொன்னாள். அவள் கேட்பதற்குள் இவரும் தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

*

பதிவுத் தபாலை ஏழு நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அனுப்பியவருக்கே போய்விடும்.

ஏழாவது நாள் காலை சகாயமேரி சைக்கிளை எடுத்தபோது தணிகாசலம் தபால் நிலைய வாசலில் நின்றார். அன்று வரும்படி யாரும் சொல்லவில்லை. போகும்படியும் சொல்லவில்லை. இருவரும் நடந்தார்கள்.

ஆறாவது தெருவில் கதவு திறந்தே இருந்தது. கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார் கமலவேணி. முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"வாம்மா," என்றார் சகாயமேரியைப் பார்த்து. "உன்னைத் தெரியுது. போன வருஷமும் வந்தியே. நீதான் வெளியில நின்னு எல்லாம் சொன்னியாம், யாழினி சொன்னா."

பிறகு பின்னால் நின்றவரை உற்றுப் பார்த்தார்.

"இந்த முகமும் பார்த்த மாதிரி இருக்கு. அன்னிக்குச் சுவர் ஏறி வந்தது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"ஆஸ்பத்திரிக்கும் வந்து வந்து போனீங்களாம். நர்ஸு கேட்டாங்க, அவர் உங்களுக்கு என்ன வேணும்னு. சொல்லத் தெரியல எனக்கு." கமலவேணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க யாரு தம்பி? எந்த வீடு?"

தணிகாசலம் சகாயமேரியைப் பார்த்தார். அவர் தபாலின் உறையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீடு," என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

கமலவேணி ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டுக் கேட்டில் 'விற்பனைக்கு' பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டுலதான் யாரும் இல்லையே?"

சகாயமேரி கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்து கமலவேணியிடம் நீட்டினார்.

"இருக்காங்கம்மா," என்றார்.